அங்கத்தினன் என்பவன் யார்?

கோயம்புத்தூரில் ஓர் இலக்கியக் கூட்டம். பேச்செல்லாம் முடிந்து காப்பி வந்த சமயத்தில், பின் வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்து என்னைக் கேட்டார்: "ஏனுங்க, நம்ம ஊரைப் பத்தி இத்தனை எழுதறீங்க. தறி, பஞ்சாலை, பருத்திக் காடுன்னு ஒண்ணு பாக்கி வெக்கலே. அந்தக் குண்டு வெடிச்ச கதையை மட்டும் ஏனுங்க எழுதலே?"

நான் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். உண்மையான பதில் வேறு. எழுதத்தான் செய்தேன், பதினோரு அத்தியாயம் எழுதி, பன்னிரண்டாவது அத்தியாயத்தில் நின்றுபோயிற்று. ஏன் நின்றது என்று தெரிந்துகொள்ள, தாஸ்தாயெவ்ஸ்கியின் 'பிசாசுகள்' நாவலை மறுபடியும் எடுத்துப் படித்தேன். கூடவே நம் கோர்ட்டுகளின் தீர்ப்புகள் சிலவற்றையும் படித்தேன். நாவலையும் தீர்ப்பையும் ஒரே மேஜையில் வைத்துப் படிப்பதா என்று வக்கீல்கள் கோபித்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டும் ஒரு காரியத்தையே செய்யப் பார்க்கின்றன. ஒரு மனிதன் என்ன செய்தான், என்ன நினைத்துச் செய்தான் என்பதை, அவனைப் பார்த்தே இராதவர்கள் நம்பும்படி எழுதிக் காட்ட வேண்டும். அதில் தவறினால் நாவல் கெட்டுப்போகிறது. தீர்ப்பு தவறினால் மனிதன் கெட்டுப்போகிறான். வித்தியாசம் அவ்வளவுதான்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். 1997 நவம்பர் கடைசியில் கோவையில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் கொலையுண்டார். அதை அடுத்த கலவரத்திலும் துப்பாக்கிப் பிரயோகத்திலும் முஸ்லிம்கள் 18 பேர் மாண்டார்கள், கடைகள் எரிந்தன. 1998 பிப்ரவரி 14-ஆம் தேதி, தேர்தல் கூட்டத்துக்காக அத்வானி வரவிருந்த நாளில், நகரத்தின் பல இடங்களில் குண்டுகள் வெடித்தன. 58 பேர் இறந்தார்கள். இருநூறு பேருக்கு மேல் காயம். எஸ். ஏ. பாஷா 1993-இல் ஆரம்பித்த அல் உம்மா என்ற அமைப்பின் மீது குற்றம் சாட்டப்பட்டது. வழக்கில் 166 பேர். 2007 ஆகஸ்டில் தனி நீதிமன்றம் 158 பேரைப் பலவிதக் குற்றங்களுக்குப் பொறுப்பாளிகள் என்றது. எட்டுப் பேரை விடுவித்தது. பாஷாவுக்கு ஆயுள் தண்டனை. அவர் 2024 டிசம்பரில் காலமானார். விடுதலையான எண்மரில் ஒருவர் கேரளத்து அரசியல்வாதி அப்துல் நாசர் மதானி. குற்றமற்றவர் என்று அந்தக் கோர்ட்டு சொன்னபோது அவர் ஒன்பது வருஷத்துக்கு மேல் சிறையில் இருந்து முடித்திருந்தார்.

ஐம்பத்தெட்டு வீடுகளில் விழுந்த இழவை நான் மறந்து பேசவில்லை. அவர்களுக்கு நியாயம் வேண்டும் என்பதில் யாருக்கும் இரண்டாவது அபிப்பிராயம் இருக்க முடியாது. என் கேள்வி அதற்குப் பக்கத்தில் நிற்கிற இன்னொரு கேள்வி.

என் பன்னிரண்டாவது அத்தியாயத்தில் ஒரு பையன் வருகிறான். வயது பத்தொன்பது. உக்கடத்துப் பக்கம் ஒரு கடையில் வேலை. நவம்பர் கலவரத்தில் அவன் மாமாவின் கடை எரிந்துவிடுகிறது. நிவாரண நிதி என்று வந்தவர்களிடம் பத்து ரூபாய் கொடுத்து ரசீது வாங்குகிறான். அவர்களோடு அரிசி மூட்டை சுமக்கிறான். இரண்டு கூட்டங்களில் போய் உட்காருகிறான். ஓர் இரவு ஒருவர் வந்து, "தம்பி, இந்தப் பை இங்கே இருக்கட்டும், காலையில் எடுத்துக்கொள்கிறேன்" என்கிறார். பையன் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுகிறான். இந்த இடத்தில் என் பேனா நின்றது. பையில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியுமா? அந்த அமைப்பில் அவன் ஓர் அங்கத்தினனா, இல்லையா?

கோவையில் எனக்குப் பழக்கமான வக்கீல் ஒருவரிடம் இதைப் படித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ரசீது பத்தாதுங்க. பணம் எதுக்குப் போகுதுன்னு தெரிஞ்சு குடுத்தானான்னு பாக்கணுமுங்க. ஆனா ஒண்ணு, பெயிலுக்குப் போனா ரசீதே போதுமுங்க."

பாதி வேடிக்கையாகச் சொன்னார். மீதியை நான் தீர்ப்புகளைப் படித்துத்தான் புரிந்துகொண்டேன்.

'அங்கத்தினர்' என்கிறோம், இப்போது 'உறுப்பினர்' என்கிறார்கள். இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றே: உடம்பில் ஓர் அங்கம், ஓர் உறுப்பு. கை என்றால் உடம்பின் வேலையைச் செய்ய வேண்டும். சட்டைப் பையில் ஒட்டிக்கொண்டிருக்கும் பஞ்சுத் துணுக்கை யாரும் அங்கம் என்று சொல்லமாட்டார்கள். நம் பாஷை இவ்வளவு தெளிவாக வைத்திருக்கிற வார்த்தையைச் சட்டம் எங்கேயும் விளக்கவில்லை என்பதுதான் ஆச்சரியம். 1967-ஆம் வருஷத்துச் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 10-ஆவது பிரிவு, தடைசெய்யப்பட்ட சங்கத்தில் அங்கத்தினனாக இருந்து வருகிறவனுக்கு இரண்டு வருஷம் வரை தண்டனை என்கிறது. 2004-இல் சேர்த்த 20-ஆவது பிரிவு, பயங்கரவாதச் செயலில் ஈடுபட்ட அமைப்பின் அங்கத்தினனுக்கு ஆயுள் வரை போகிறது. 38-ஆவது பிரிவு, அமைப்பின் காரியங்களை வளர்க்கும் எண்ணத்தோடு தன்னை அதனுடன் சேர்த்துக்கொள்கிறவனுக்கும், சேர்ந்தவன் என்று சொல்லிக்கொள்கிறவனுக்கும் பத்து வருஷம் வரை என்கிறது. எந்த அமைப்பு பயங்கரவாத அமைப்பு என்பதற்கு அட்டவணை இருக்கிறது. யார் அங்கத்தினன் என்பதற்குத்தான் விளக்கம் இல்லை.

இது புதிய சங்கடமும் அல்ல. வெள்ளைக்காரன் 1908-இல் போட்ட கிரிமினல் சட்டத் திருத்தத்திலும் இதே வார்த்தை இருந்தது. அங்கத்தினனாக இருப்பவன், கூட்டத்துக்குப் போகிறவன், சந்தா கொடுப்பவன் எல்லோருக்கும் ஆறு மாதம் என்றது. சுதந்திரம் வந்த பிறகும் சென்னை சர்க்கார் அந்தச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, 1950-இல் ஒரு மக்கள் கல்விச் சங்கத்தைத் தடை செய்தது. வி. ஜி. ராவ் வழக்காடினார். காரணத்தைக் கோர்ட்டில் சோதிக்க வழியில்லாமல் சர்க்கார் தன் அபிப்பிராயத்தை மட்டும் வைத்துச் சங்கங்களைத் தடை செய்வது செல்லாது என்று 1952-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்த்தது.

இனி நாவலுக்கு வருகிறேன். 'பிசாசுகள்' 1871, 72-இல் வெளிவந்தது. அதற்கு மூலம் உண்மையில் நடந்த ஒரு கொலை. 1869-இல் மாஸ்கோவில் நெச்சாயெவ் என்பவன், தன்னைச் சேர்ந்த சிலரைக் கொண்டு இவானாவ் என்ற மாணவனைக் கொன்றான். தனக்குப் பின்னால் பிரம்மாண்டமான ஒரு ரகசிய ஸ்தாபனம் இருப்பதாக அவன் சொல்லியிருந்தான். அத்தாட்சியாக அவனிடம் ஒரு சீட்டும் இருந்தது: உலகப் புரட்சிச் சங்கத்தின் ருஷ்யக் கிளைப் பிரதிநிதி, நம்பர் 2771. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர் பக்கூனின். சீட்டு நிஜம், கையெழுத்து நிஜம், அப்படி ஒரு சங்கந்தான் இல்லை!

ருசு, ருசு என்று நாம் அடித்துக்கொள்கிறோமே, அங்கத்தினன் என்பதற்கு அச்சடித்த சீட்டைவிட வேறென்ன ருசு வேண்டும்? அந்தச் சீட்டே பொய்ச் சங்கத்தின் சீட்டாக இருந்தது. கொலை மட்டும் பொய்யாக இல்லை.

தாஸ்தாயெவ்ஸ்கி இதை வைத்துக்கொண்டு செய்திருப்பதைப் பாருங்கள். பியோத்தர் வெர்கோவென்ஸ்கி என்பவன் ஒரு சின்ன ஊரில் ஐந்து பேரைச் சேர்க்கிறான். தேசம் பூராவும் இப்படி ஐவர் ஐவராக நூற்றுக்கணக்கில் இருப்பதாகச் சொல்லி வைக்கிறான். விலகப் பார்க்கும் ஷாத்தவைத் தீர்த்துக்கட்டினால் ஐவரையும் இரத்தத்தால் கட்டிப்போடலாம் என்பது அவன் கணக்கு. கொலைக்குக் கூடுகிற இடத்தில் ஷிகால்யோவ் என்பவன், இது தன் கொள்கைக்கு ஒவ்வாதது என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டிவிடுகிறான், போலீஸிடமும் போகவில்லை. இவன் ஐவரில் ஒருவன். எர்கெல் என்று ஓர் இளம் அதிகாரி. தன் சொற்பச் சம்பளத்தில் பாதியை நோயாளித் தாய்க்கு அனுப்புகிற நல்ல பிள்ளை. இவன் ஐவரில் சேர்ந்தவனே அல்ல. ஆனால் தயங்காமல் கொலையில் கை கொடுக்கிறான். விர்ஜின்ஸ்கி கொலையின்போதே இது தப்பு என்று கதறுகிறான். ஆனாலும் இடத்தை விட்டு நகரவில்லை. கிரிலாவ் கொலைக்கே வராதவன். தற்கொலை செய்துகொள்ளுமுன், கொன்றது நானே என்று கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறான்.

பெயர்ப் பட்டியலை ஒரு பக்கமும் குற்றத்தை ஒரு பக்கமும் வைத்துப் பார்த்தால் இரண்டும் பொருந்தவே இல்லை. பட்டியலில் இருப்பவன் விலகிப்போகிறான். பட்டியலில் இல்லாதவன் கொல்கிறான். எழுத்து மூலமான வாக்குமூலம் அத்தனையிலும் பெரிய பொய்யாக இருக்கிறது. கடைசி அத்தியாயத்தில், ஷிகால்யோவை எந்த வகைக் குற்றவாளிகளோடும் சேர்க்க முடியாததால் விட்டுவிடுவார்கள் என்று ஊரில் வதந்தி என ஆசிரியர் போகிறபோக்கில் சொல்லிப் போகிறார். நம் சட்டத்தின் சங்கடம் முழுவதும் அந்த ஒரு வதந்தியில் இருக்கிறது.

நாவலில் குறை இல்லை என்று சொல்லமாட்டேன். ஐவரில் சிலரை ஆசிரியர் வெறுப்போடு படைத்திருக்கிறார்; லியாம்ஷின் போன்ற பாத்திரங்கள் கேலிச் சித்திரங்களாகவே நின்றுவிடுகின்றன. அந்த இடங்களில் அவர் கதாசிரியராக இல்லை, பிராசிக்யூஷன் வக்கீலாக இருக்கிறார். அப்படியும் விர்ஜின்ஸ்கியும் எர்கெலும் அவர் கையை மீறி மனிதர்களாகிவிட்டார்கள்.

இதற்குக் காரணம் அவர் சொந்த வாழ்க்கை என்று எனக்குத் தோன்றுகிறது. 1849-இல் பெத்ராஷெவ்ஸ்கி கோஷ்டியைச் சேர்ந்தவர் என்று அவரையே கைது செய்தார்கள். அவர் மேல் முக்கியமான குற்றம், பெலின்ஸ்கி என்ற விமரிசகர் எழுதிய கடிதத்தைக் கூட்டத்தில் வாசித்தது. அதற்கு மரண தண்டனை! கொலைக்களம் வரை கொண்டுபோய் நிறுத்திவிட்டு, கடைசி நிமிஷத்தில் சைபீரியக் கடுங்காவலாக மாற்றினார்கள். இதில் இன்னொரு விசித்திரம். கோஷ்டிக்குள்ளேயே ரகசிய அச்சுக்கூடம் வைக்க ஒரு சிறு குழு கூடியிருந்தது. தாஸ்தாயெவ்ஸ்கி அதில் இருந்தார். தன்னையும் சேர அழைத்தார் என்று கவிஞர் மாய்க்கோவ் பிற்காலத்தில் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். அது விசாரணைக்காரர்களுக்கு எட்டவே இல்லை. அவர் நிஜமாக இருந்த குழுவை விட்டுவிட்டுக் கடிதம் வாசித்ததற்குத் தண்டனை கொடுத்தார்கள். இருபது வருஷத்துக்குப் பிறகு எழுதிய நாவலில், ஷாத்தவ் பூமியில் புதைத்துக் காவல் காக்கும் பொருள் என்ன தெரியுமா? ஓர் அச்சு யந்திரம்.

இந்தக் கண்ணோடு நம் தீர்ப்புகளைப் பார்ப்போம். 2011 பிப்ரவரியில் அருப் புயான் வழக்கு. அஸ்ஸாமில் உல்ஃபா அங்கத்தினர் என்று தடா சட்டப்படி தண்டிக்கப்பட்டவர். ஆதாரம், போலீஸ் சூபரின்டெண்டிடம் அவர் தந்ததாகச் சொல்லப்பட்ட வாக்குமூலம். கிரிலாவின் கடிதம் ஞாபகம் வருகிறதல்லவா? சுப்ரீம் கோர்ட்டின் இரண்டு நீதிபதிகள் அவரை விடுவித்தார்கள். வெறும் அங்கத்தினனாக இருப்பது குற்றமல்ல, வன்முறையில் இறங்கினால் அல்லது பிறரைத் தூண்டினால்தான் குற்றம் என்றார்கள். அமெரிக்கத் தீர்ப்புகளை அவர்கள் துணைக்கு அழைத்துக்கொண்டார்கள். 1961-இல் கம்யூனிஸ்ட் ஊழியர் ஸ்கேல்ஸ் வழக்கில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், தெரிந்தும் தீவிரமாகவும், பலாத்காரமே நோக்கமாகவும் இருக்கிற அங்கத்துவத்தைத்தான் தண்டிக்கலாம் என்றது. அப்படிச் சொல்லியும் ஸ்கேல்ஸுக்கு ஆறு வருஷத் தண்டனையை உறுதி செய்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அதே 2011 ஜனவரியில் கேரளத்துப் பல் டாக்டர் ஒருவரின் வழக்கு. பேராசிரியர் ஒருவரின் கையை வெட்டிய கும்பலில் ஒருவனுக்கு வைத்தியம் பார்த்தார் என்பது அவர் மேல் இருந்த முக்கியக் குற்றச்சாட்டு. அமைப்போடு சேர்க்கை என்ற ஒன்றை மட்டும் வைத்துக் குற்றம் காண முடியாது என்று சொல்லி அவருடைய ஜாமீனை நிலைநிறுத்தினார்கள். வைகோ விஷயம் நம் வாசகர்களுக்கு நினைவிருக்கும். 2002 ஜூனில் திருமங்கலத்தில் விடுதலைப் புலிகளை ஆதரித்துப் பேசியதற்காகப் பொடாவில் 19 மாதம் சிறையில் இருந்தார். இடையில், 2003 டிசம்பரில், பயங்கரவாதச் செயலை வளர்க்கும் எண்ணம் இல்லாமல் வாயால் ஆதரவு சொன்னது மட்டும் அந்தச் சட்டப்படி குற்றமாகாது என்று சுப்ரீம் கோர்ட்டு தெளிவுபடுத்தியது.

பிறகு காற்று திசை மாறியது. 2023 மார்ச் 24-இல் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அருப் புயான் தீர்ப்பைத் தவறு என்று தள்ளிற்று. தடைசெய்யப்பட்ட சங்கத்தில் தொடர்ந்து அங்கத்தினனாக இருப்பதே குற்றம். கையில் குண்டு இருக்க வேண்டியதில்லை என்றார்கள். அவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். தடை கெஜட்டில் வெளியாகிறது. அதற்கென்று ஒரு ட்ரிபியூனல் விசாரித்து உறுதி செய்கிறது. அதன் பிறகும் ஒருவன் உள்ளேயே இருக்கிறான் என்றால் தெரிந்துதானே இருக்கிறான்? குண்டு வெடிக்கிற வரைக்கும் சர்க்கார் காத்திருக்க வேண்டுமா? பிப்ரவரி 14-ஐப் பார்த்த ஊர்க்காரன் இந்தக் கேள்வியை அலட்சியம் செய்ய முடியாது. ரகசிய ஸ்தாபனம் பதிவேடு வைப்பதில்லை. சாட்சி சொல்ல வருகிறவன் பெரும்பாலும் உள்ளே இருந்து அப்ரூவராக மாறியவன். போலீஸார் பாடு சுலபமானது அல்ல.

ஆனால் இந்தத் தீர்ப்பு, இருந்தால் குற்றம் என்கிறது. இருந்தான் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்லவில்லை. சேர்வதற்காவது ஒரு சடங்கு இருக்கலாம். 1911-இல் ஆஷ் கொலையை ஒட்டித் திருநெல்வேலிச் சதி வழக்கில், காளி படத்துக்கு முன்னால் குங்கும ஜலத்தை இரத்தமாக எண்ணிக் குடித்துச் சத்தியம் செய்ததாக அப்ரூவர்கள் சொன்னார்கள். விலகுவதற்கு என்ன சடங்கு? ராஜிநாமாக் கடிதத்தை யார் விலாசத்துக்கு அனுப்புவது? விலகப் பார்த்த ஷாத்தவை அவன் தோழர்கள் கொன்றார்கள். உயிரோடு இருந்திருந்தால் சர்க்கார் அவனை அங்கத்தினன் என்று பிடித்திருக்கும்.

வக்கீல் நண்பர் பெயிலைப் பற்றிச் சொன்னதன் அர்த்தமும் இங்கேதான் இருக்கிறது. இன்றைய சட்டத்தில், குற்றச்சாட்டு மேற்பார்வைக்கு உண்மை போலத் தோன்றினாலே ஜாமீன் கிடையாது. ஆகவே புஸ்தகம், சந்தா ரசீது, டெலிபோன் நம்பர் எல்லாம் அங்கத்துவத்தின் அடையாளங்களாக வந்து உட்கார்ந்துவிடுகின்றன. கோழிக்கோட்டில் 2019-இல் பிடிபட்ட இரண்டு மாணவர்கள் வழக்கில், மாவோயிஸ்ட் பிரசுரங்கள் வைத்திருந்தது, தொடர்பு இருந்தது என்பது மட்டும் போதாது, அமைப்பின் செயலை வளர்க்கும் எண்ணம் தெரியவேண்டும் என்று 2021-இல் சுப்ரீம் கோர்ட்டு சொல்ல வேண்டியிருந்தது. எண்ணம்! நாவலாசிரியனின் சொத்து என்று நான் நினைத்திருந்த வார்த்தை, கடைசியில் நீதிபதியின் கையிலும் அதுதான் மிஞ்சுகிறது.

நம் கதாசிரியர்களைப் பற்றி ஒரு வார்த்தை. தீவிரவாதி என்று ஒரு பாத்திரம் வந்தால் நம் கதைகளிலும் படங்களிலும் தாடி, தொப்பி, சிவப்புப் புஸ்தகம் என்று ஏதாவது ஒன்றை மாட்டிவிட்டு வேலை முடிந்ததென்று இருந்துவிடுகிறோம். வாசகனும் அடையாளத்தைப் பார்த்ததும் தீர்ப்பெழுதிவிடுகிறான். 1998-க்குப் பிறகு கோவையில் வாடகைக்கு வீடு கேட்டுப் போகிறவர்களைப் பெயர் கேட்டுவிட்டுத் திருப்பி அனுப்பியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் எங்கள் எழுத்துக்கும் பங்கு உண்டு. அடையாளத்தை வைத்து மனிதனைத் தீர்மானிக்கக் கூடாது என்று கோர்ட்டுக்குச் சொல்ல, அதையே செய்து பிழைக்கிற எழுத்தாளனுக்கு யோக்கியதை கிடையாது.

என் பன்னிரண்டாவது அத்தியாயத்துக்கு இரண்டு சுலபமான வழிகள் இருந்தன. பையன் பையைத் திறந்து பார்த்தான் என்று எழுதினால் குற்றவாளி. திறக்காமல் தூங்கிவிட்டான் என்று எழுதினால் நிரபராதி. இரண்டையும் எழுதிக் கிழித்துப்போட்டேன். மூன்றாவதாக ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். நடுராத்திரி அவன் கட்டிலை விட்டு இறங்கி, பையைத் தொட்டுப் பார்க்கிறான். கனமாக இருக்கிறது. மறுபடியும் போய்ப் படுத்துக்கொள்கிறான், தூக்கம் வரவில்லை. அந்தக் கனத்தை உணர்ந்த பிறகு விடிவதற்குள் அவன் என்ன செய்கிறான் என்பதுதான் அவன் யார் என்பதற்கு விடை. பட்டியலிலும் ரசீதிலும் அது இல்லை.

அடுத்த முறை கோவைக்குப் போகும்போது அந்தப் பெரியவரைத் தேடிப் பிடித்து, இந்த அத்தியாயத்தைப் படித்துக்காட்டப் போகிறேன். "அப்புறம் என்னதான் பண்ணுனானுங்க?" என்று அவர் கட்டாயம் கேட்பார். அதற்குள் எனக்கும் தெரிந்திருக்க வேண்டும்.